வயலுக்கென்று ஒரு கால்

எங்கள் ஊரில் யார் என்னைப் பார்த்தாலும் இப்போது கேட்பது ஒரே கேள்விதான். "எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டீங்க?" பால் வாங்கப் போனால் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையிலும் கேட்கிறார்கள். நன்னிலம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு பெண்கூடக் கேட்டாள். அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன என் வீட்டுக்காரர், குறுவை நடவன்று எங்கள் வரப்பில் நடந்ததுதான் இதற்கெல்லாம் காரணம்.

எனக்குக் கோபம் வருகிறது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்பது ஊருக்கே தெரியும். வேண்டிக்கொள்ளாமல் இல்லை. கண்ணில் பட்ட கோபுரத்துக்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான் நான். ஆனால் எந்தச் சாமியும் இறங்கி வந்து அவருடைய குதிகாலைப் பிடித்துத் தரையில் அழுத்தி, "இப்ப இந்தக் கால்ல நில்லுங்கப்பா" என்று காலையும் மாலையும் சொல்லவில்லை. அதைச் சொன்னவள் தஞ்சாவூர் புறவழிச் சாலையில் இருக்கிற ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை பார்க்கிற, அதிராம்பட்டினத்துப் பெண். "அந்தக் கோயிலுக்குத்தான் வேண்டிக்கிட்டேன்" என்று மையத்தின் பெயரைச் சொன்னால் கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்த வாரம் அது. சிங்கப்பூரில் இருக்கிற மகனோடு போனில் பேசிக்கொண்டே, என் வீட்டுக்காரர் இடது கையால் காபி டம்ளரை வாங்கினார். டம்ளர் நழுவித் தரையில் உருண்டது. "கை வழுக்கிடுச்சு" என்றார். அந்த வார்த்தையும் வழுக்கித்தான் வந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டிலிருந்து கொழுந்தனார் ஓடி வந்தார். நெல் மூட்டையை அலட்சியமாக முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற உடம்பு அவருக்கு. அண்ணனைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அள்ளிக் காரில் கிடத்தினார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் கொழுந்தனாரின் தோளைத் தட்டினார். ஆனால் இடது கையும் காலும் என் வீட்டுக்காரர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தொட்டால் யாருடைய காலையோ தொடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மருந்தால ஆக வேண்டியது ஆயிடுச்சு. இனிமே பயிற்சிதான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வச்சிடாதீங்க. மறுவாழ்வு மையத்துல சேருங்க" என்றார் டாக்டர்.

கொழுந்தனாருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "மறுவாழ்வு மையமா? எங்க அண்ணன் தீபாவளிக்குக்கூடத் தொட்டதில்லீங்களே டாக்டர்!" எங்கள் பக்கம் அந்தப் பெயருள்ள பலகையைக் குடிகாரர்களைத் திருத்துகிற இடத்தில்தான் பார்த்திருக்கிறோம். இது கை கால் விழுந்தவர்களை நடக்கவைக்கிற இடம் என்று டாக்டர் விளக்கினார். ஆனால் சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. "இத்தன நாள் வெளில தெரியாம வச்சிருந்தீங்களேம்மா" என்று என் கையைப் பிடித்து அழுதவர்கள் உண்டு. சிலருக்கு இன்றுவரை சந்தேகம் தீரவில்லை.

மையத்தில் ஒரு நீளக் கூடம். நடுவில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்க இரும்புக் கம்பிகள், எதிரே ஆள் உயரக் கண்ணாடி. ஒரு மூலையில் சிறிய மரப் படிக்கட்டு. ஏறினால் மேலே ஒன்றும் கிடையாது, அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டியதுதான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், குழறிய நாக்கோடு கேட்டார்.

"இது எங்க போவுது?"

"ஒங்க வீட்டுக்குத்தாம்ப்பா போவுது" என்றாள் அந்தப் பெண். அவள்தான் பிசியோதெரபிஸ்ட். அந்த வார்த்தை எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. இவர் முதல் நாளே 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவள் குரல் பூ மாதிரி இருக்கும். ஆனால் சொன்னதைச் செய்யாமல் அவளிடமிருந்து யாரும் தப்பிக்க முடியாது.

அவளுக்கு முதலில் தடையாக இருந்தது இவருடைய கால் இல்லை, கொழுந்தனாருடைய கை. இவர் கட்டிலிலிருந்து எழ முயன்றால் போதும், கொழுந்தனார் பாய்ந்து போய் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார். சாப்பாட்டைப் பிசைந்து வாயில் வைப்பார். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் கத்தினால், "அண்ணி, நீங்க சும்மா இருங்க" என்பார். எங்கள் குடும்பங்களில் உடம்புக்கு முடியாதவரிடம் அன்பு காட்டுவது என்றால் அவரை ஒரு விரல்கூட அசைக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். வந்து பார்க்கிற சொந்தக்காரர்கள்கூட, எழுந்து உட்கார்ந்திருக்கிற நோயாளியைப் படுக்கவைத்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள்.

பாப்பா இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். "அண்ணா, கைய எடுங்க."

"விழுந்துடுவாரும்மா!"

"நான் விழ விடமாட்டேன். ஆனா நீங்க தூக்குற வரைக்கும் அவங்க கால் வேலை செய்யாது. மூளையில ஒரு மடை அடைஞ்சுபோச்சு. தண்ணி பக்கத்து வாய்க்கால் வழியாப் போய்ப் பழகணும். அவங்களே முயற்சி பண்ணப் பண்ணத்தான் அந்த வழி தொறக்கும். நீங்க கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லுங்க."

அப்படியே நின்றார். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி எழுவதைப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட நின்றார். எத்தனையோ மூட்டை தூக்கியவருக்கு அந்தக் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆகப் பெரிய சுமையாக இருந்திருக்கும். அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. "சின்னப் பொண்ணு என்னைப் போட்டு இந்த அதட்டு அதட்டுது" என்று என்னிடம் முறையிடுவார். களைத்துப் போனால் "நாளைக்குப் பாத்துக்கலாம் பாப்பா" என்பார். "சரிப்பா, நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம். இப்ப இன்னைக்கு உள்ளத முடிங்க" என்பாள். வேதாரண்யத்து உப்பளத்தில் வேலை பார்த்து, லாரியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்ட ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கிரிக்கெட் வர்ணனை மாதிரி இவர் நடப்பதை வர்ணித்துக்கொண்டிருப்பார். முதல் தடவையாக இவர் கம்பியை விட்டுவிட்டுத் தனியாக நின்றபோது அவர்தான் கைதட்ட ஆரம்பித்தார். கூடமே தட்டியது. கை விளங்காத ஒருவர் ஒரு கையால் தொடையில் தட்டினார். என் வாழ்நாளில் அவ்வளவு கர்வமாக நான் நின்றதில்லை. கல்யாண மேடையில்கூட இல்லை.

கால் வலுத்தது, ஆனால் பாதத்தின் முன்பக்கம் மட்டும் தொங்கியது. எடுத்து வைக்கும்போது விரல் நுனி தரையில் இழுத்துத் தடுக்கியது. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு கட்டை செய்து தருகிறோம் என்றார்கள். மையத்தின் பின்பக்கம் ஒரு பட்டறை இருந்தது. அங்கே இருந்த செயற்கைக் கால் செய்கிறவர் இவர் காலுக்கு மாவுக் கட்டுப் போட்டு அச்சு எடுத்து, சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை அந்த அச்சின் மேல் போர்த்தி வார்த்தார். முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்து, கெண்டைக்கால் வழியாக இறங்கி, உள்ளங்காலுக்கு அடியில் விரல் நுனிவரை வருகிற வெள்ளைக் கட்டை. பட்டை போட்டு இறுக்கி, அதன் மேல் ஷூ போட்டுக்கொள்ள வேண்டும். போட்டதும் பாதம் தொங்காமல் நின்றது. ஒரு கையில் ஊன்றுகோலோடு தாழ்வாரம் முழுக்க நடந்தார். நான் போனில் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினேன். ஊரில் சந்தேகப்பட்டவர்களுக்கும் சேர்த்து அனுப்பினேன்.

மையத்திலிருந்து ஒரேயடியாக அனுப்பிவிடுவதற்கு முன்னால், வீட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரும்படி எங்களைச் சில நாள் ஊருக்கு அனுப்பினார்கள். வைகாசிக் கடைசி. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்பதுதான் டீக்கடையில் பேச்சு. கொழுந்தனார் சாயங்காலம் வந்து, சுற்றி வளைத்துப் பேசி, விஷயத்துக்கு வந்தார். "அண்ணே, நெலத்த குத்தகைக்கு விட்ருவோம். ஆளு பாத்து வச்சிருக்கேன். தங்கமான மனுஷன். நீ நிம்மதியா உக்காரு." மகனும் போனில் அதையே சொன்னான். "அப்பா ரெஸ்ட் எடுக்கட்டும்மா."

"நெலம் அவரோடது. அவரக் கேளுங்க" என்றேன். என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். இவர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், வரப்பில் நடக்க முடியாதவன் குடியானவன் இல்லை என்பதுதான் அவர் எண்ணம். நாற்காலி போட்டுச் சாலையில் உட்கார்ந்து விவசாயம் பார்க்கிறவர்களை அவரே கிண்டல் செய்திருக்கிறார். கடைசியில், "தண்ணி வரட்டும். நடவன்னைக்கு நான் வரப்புல நின்னா நம்ம விவசாயம். நிக்க முடியலன்னா நீ சொன்ன ஆளுக்கே விட்ரு" என்றார்.

மறுநாள் காலையில் அவரைக் காணோம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓடினேன். வாய்க்கால் கரையில், எங்கள் வரப்பு தொடங்குகிற இடத்தில், இரண்டு ஷூவும் ஜோடியாக இருந்தன. பக்கத்தில் அந்த வெள்ளைக் கட்டை, பட்டைகள் மடித்து, கோயில் வாசலில் விட்டதுபோல் ஒழுங்காக. கொஞ்ச தூரத்தில், உழுது போட்டிருந்த புழுதியில் அவர் கவிழ்ந்து கிடந்தார்.

நல்ல வேளை, சிராய்ப்புதான். உட்காரவைத்து மண்ணைத் தட்டிவிட்டுக் கத்தினேன். "அத எதுக்குக் கழட்டுனீங்க? உங்களுக்கு அறிவிருக்கா?"

என்னை அவர் விசித்திரமாகப் பார்த்தார். "வயல்ல செருப்போட எப்படி எறங்குறது?"

கத்த எடுத்த மூச்சை விட்டுவிட்டு நானும் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். என் ஆயுசில் நானும் செருப்போடு வயலில் கால் வைத்ததில்லை. எங்கள் பக்கம் யாரும் வைக்க மாட்டார்கள். இது யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்வதில்லை. வரப்பு வந்தால் கால் தானாகச் செருப்பை உதறிவிடும். அவர் மூளை எத்தனையோ மறந்திருந்தது, இதை மட்டும் மறக்கவில்லை. அதற்குள் விஷயம் தெரிந்து கொழுந்தனார் ஓடி வந்து, பழையபடி அண்ணனை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார். "நான் சொன்னேன்ல" என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முகம் சொன்னது. இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அந்த ஆளுக்கே விட்ரச் சொல்லு" என்றார்.

மையத்துக்குத் திரும்பினோம். பாப்பா திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். செருப்பைப் பற்றி இவர் சொன்னபோது மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. "எங்க வாப்பா கடை வச்சிருக்காங்க. கடைக்குள்ள செருப்போட ஏறவே மாட்டாங்க. வாசல்ல கழட்டிட்டுத்தான் ஏறுவாங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்ல எத்தனை படி, கக்கூஸ் எப்படி, பஸ்ல ஏறணுமா, எல்லாம் கேட்டேம்மா. வயலக் கேக்காம விட்டுட்டேன். வழவழன்னு டைல்ஸ்ல நடக்கப் பழக்கி, வரப்புக்கு அனுப்பியிருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரிடம் போனாள். சாயங்காலம் பட்டறைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு டிராக்டர் மண் வந்து இறங்கியது.

மையத்துக்குள் ஒரு வரப்பு! சேதி பரவியதும் சக்கர நாற்காலிகளெல்லாம் பின்பக்கம் வந்துவிட்டன. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் எங்களைப் போலச் சேற்றில் கால் வைத்தவர்கள். தோட்டக்காரர் மண்ணைக் குவித்து மட்டம் செய்ய, ஆளுக்கொரு குறை சொன்னார்கள். ஒருவர் அகலம் அதிகம் என்றார், ஒருவர் உயரம் போதாது என்றார். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட என் வீட்டுக்காரரின் குரல் நாற்காலியிலிருந்து கேட்டது. "இது வரப்பா, ரோடா? லாரியா போவப்போவுது?" மாதக்கணக்கில் நான் கேட்காத குரல் அது. குழறலே இல்லை.

பாப்பா கொழுந்தனாருக்குப் போன் போட்டாள். "அண்ணா, உங்க கைக்கு ஒரு வேலை இருக்கு. மண்வெட்டியோட வாங்க." அவர் பேருந்தில் மண்வெட்டியோடு வந்து இறங்கினார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இரண்டு பக்கமும் சரித்து வெட்டி, தண்ணீர் ஊற்றிச் சேறு குழைத்து அணைத்து, தட்டிக் கொடுத்தார். பார்க்க அசல் எங்கள் வரப்பேதான். வயல் இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தால் அடிபடாமல் இருக்க நீல நிற மெத்தைகளைப் போட்டாள் பாப்பா. "நாத்து நல்லா வந்திருக்கு" என்றார் உப்பளத்துக்காரர்.

பட்டறைக்காரர் கட்டையின் அடியில் வரி வரியாக வெட்டிய ரப்பரை ஒட்டிக் கொடுத்தார். ஷூ இல்லாமலே வழுக்காமல் நடக்கலாம். எல்லாம் தயார். ஆனால் என் வீட்டுக்காரர் வரப்பின் முன்னால் நின்றுகொண்டு கட்டையைக் கழற்றக் குனிந்தார்.

"அப்பா, அது செருப்பு இல்லப்பா" என்றாள் பாப்பா.

"செருப்பு இல்லன்னா என்ன? ரோடு, கக்கூஸ், எல்லா எடத்துக்கும் இதப் போட்டுக்கிட்டுத்தானே போறேன். இதோட எப்படிம்மா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, மூக்கு மேல கண்ணாடி போட்டிருக்கீங்களே, அது மட்டும் எங்க போயிட்டு வருது? அதுவும் உங்ககூட கக்கூஸ் வரைக்கும் வந்துட்டுத்தான் வயலுக்கு வருது. என்னைக்காவது கண்ணாடியக் கழட்டி வரப்புல வச்சிட்டு வயலப் பாத்திருக்கீங்களா? அது உங்க கண்ணு. இது உங்க காலு. காலக் கழட்டி வச்சிட்டு எப்படிங்க நடப்பீங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்கு ஒன்றை யோசிக்க வேண்டும் என்றால் அப்படித்தான் செய்வார். பிறகு பட்டறைக்காரரைப் பார்த்து, "அப்படின்னா வயலுக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சு குடுங்க தம்பி. அது ரோட்ல படவே கூடாது" என்றார்.

பட்டறைக்காரர் சிரித்தார். "ஒண்ணையே போட மாட்டேன்னு அழுவுறவங்கதான் அதிகம். ரெண்டாவது கேட்ட மொத ஆளு நீங்கதான்ய்யா." அச்சு இருந்ததால் இன்னொன்று சீக்கிரமே வந்துவிட்டது. அதை மையத்தின் வாசல் வழியாகக்கூடக் காலில் போட்டுக்கொண்டு போகவில்லை இவர். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் போய், வரப்பின் தலைமாட்டில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். பாப்பா ஒரு பக்கம் மெத்தையில் நின்றுகொண்டு, "கீழ பாக்காதீங்கப்பா. நேராப் பாருங்க. குதிகால் மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் நாள் மெத்தையில் விழுந்தார். அடுத்த நாளும் விழுந்தார். விழுந்தால் எழுந்திருப்பது எப்படி என்பதையும் அவள் சொல்லிக் கொடுத்தாள். தினமும் வாளியில் தண்ணீர் ஊற்றி வரப்பை ஈரமாக்கினாள். இவரைப் பார்த்து மற்றவர்களும் அந்த வரப்பில் ஏற ஆரம்பித்தார்கள். இப்போதும் அங்கே போனால் அந்த வரப்பு இருக்கிறது, பராமரிப்பதற்குக் கொழுந்தனார் அவ்வப்போது போய்வருகிறார்.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. உழுது, பரம்படித்து, வயல் கண்ணாடியாகக் கிடந்தது. எங்கள் வயலில் நடவு தொடங்கும்போது, கைப்பிடி அளவு கட்டிய முதல் நாற்று முடியை நிலத்துக்காரர் வடகிழக்கு மூலை வரப்பில் நின்று நடவுப் பெண்கள் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். வாய்க்கால் கரையிலிருந்து அந்த மூலைக்குப் போக முழு வரப்பையும் நடந்து கடக்க வேண்டும்.

அன்று காலை மையத்து வேன் கரையில் வந்து நின்றது. வீட்டுக்கு அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருக்கிறவர்கள் இல்லை அவர்கள். பாப்பா இறங்கி, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி, இவர் விட்டிருந்த ஷூவுக்குப் பக்கத்தில் விட்டாள். இவர் கரையில் உட்கார்ந்து, சாலைக் கட்டையைக் கழற்றிவிட்டு, துண்டைப் பிரித்து வயல் கட்டையை மாட்டிக்கொண்டார். கொழுந்தனார் பக்கத்திலேயே நின்றார். குத்தகைக்குப் பார்த்து வைத்திருந்த ஆளும், முடிவு தெரிய வேண்டுமே, சற்றுத் தள்ளி நின்றார்.

இவர் வரப்பில் ஏறினார். இடது கால், ஊன்றுகோல், வலது கால். ஈர மண்ணில் கட்டையின் ரப்பர் வரிகள் பதிந்தன. பாதி வரப்பில் ஒரு நண்டு வளை உடைந்து மண் சரிந்தது. இவர் உடம்பு வயல் பக்கம் சாய்ந்தது. நான் என் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். கொழுந்தனாரைப் பார்த்தேன். அண்ணனுக்கு ஓரடி பின்னால் வந்துகொண்டிருந்த அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்திருந்தன. இவர் ஊன்றுகோலை அழுத்தி, நிமிர்ந்து, மேலே நடந்தார்.

அப்போதுதான் பின்னால் 'ஐயோ' என்று ஒரு சத்தம். கடற்கரைப் பெண் அல்லவா, கொழுந்தனாருக்குப் பின்னால் வந்த பாப்பாவுக்கு வரப்பில் வழுக்கி ஒரு கால் சேற்றுக்குள் போய்விட்டது. இவர் திரும்பாமலே சொன்னார். "கீழ பாக்காத பாப்பா. நேராப் பாரு. குதிகால மொதல்ல வையி." நடவுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாப்பா சேற்றில் நின்றபடியே சிரித்து, சிரித்துக்கொண்டே அழுதாள்.

மூலைக்குப் போய்ச் சேர்ந்து, வலது கையால் முதல் முடியை எடுத்துக் கொடுத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். வாய்க்கால் கரையில் நின்ற நானும் வரப்பேறி அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். இவர் என் புருஷன், அவள் எங்கள் பாப்பா, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் என் கொழுந்தனார் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஊர் அங்கேதான் இருந்தது, அதனால் சொல்லவில்லை. கொழுந்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணே, அந்தக் குத்தகைப் பேச்ச விட்ருவோம்" என்றார். "அத அப்பவே விட்டாச்சு. நீ பாத்து வச்ச ஆளு சும்மாதான் நிக்கிறாரு, நாத்துக் கட்டு தூக்க வரச் சொல்லு" என்றார் இவர். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். நல்லவர்தான்.

நடவு முடிந்து எல்லோரும் வாய்க்காலில் கை கால் கழுவினார்கள். இவரும் கரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டார். கட்டையில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்து, கழற்றிக் கழுவலாம் என்று நான் பட்டையில் கை வைத்தேன்.

"இரு" என்றார். வலது கையால் வலது பாதத்தைத் தேய்த்துக் கழுவினார். பிறகு, இன்னும் முழுதாக விரியாத இடது கையையும் சேர்த்துக்கொண்டு, பட்டை, மேல்பக்கம், குதிகால், விரல் நுனி என்று அந்தக் கட்டையையும் காலைக் கழுவுவது மாதிரியே கழுவினார். கழுவி முடித்து, இரண்டு காலையும் ஒன்றாகக் கரையில் தூக்கி வைத்துக் காயவிட்டார்.